தொண்டி வீட்டுக் குழு: மே மாச மலைப் பயணம்

வெள்ளி இரவு

சித்ரா: எல்லாரும் சாப்டாச்சா? ஒரு விசயம். மீன்பிடி தடைக்காலத்துலதான் ராசு மாமா கரையில இருப்பாக. ஜூன் 14 முடிஞ்சு போட் இறங்கிருச்சுன்னா அவுகளைப் பிடிக்கவே முடியாது. அதனால மே மூணாவது வாரம் கேரளாவுல மூணாறு பக்கம் இருக்குற சூரியநெல்லி போயிட்டு வருவோமா? விடியக்காலையில கொழுக்குமலைக்கு ஜீப்பு, இறங்கி வந்ததும் பக்கத்துல ஜிப்லைன்.

அருள்: மதினி நான் ரெடி!!!

அம்மா: ஜிப்லைன்னா என்னம்மா

அருள்: அத்தை, இந்த மேட்டுல இருந்து அந்த மேட்டுக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பாக. இடுப்புல வாரை மாட்டி, கப்பியில தொங்கிக்கிட்டே காட்டுக்கு மேல போறது

அம்மா: கம்பியில தொங்கவா? ஒண்ணும் வேணாம். கோயிலுக்குப் போயிட்டு வாங்க

செல்வி அத்தை: நான் தொங்குவேன் மதினி

அம்மா: செல்வி!

செல்வி அத்தை: கல்யாணமாகி வந்ததுல இருந்து கடலையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது காட்டை மேல இருந்து பாக்கணும்

ராசு மாமா: கொடைக்கானல் போனா ஆகாதா. பக்கமாச்சே

சித்ரா: மாமா, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுக்கணும். அது கூட எடுத்துறலாம், மே மாசத்துக் கூட்டத்துல அங்க நமக்கு நிக்க இடம் இருக்காது. சூரியநெல்லிக்கு நம்ம ரோட்டுலயே போகலாம். திருவாடானை போற ரோடு இருக்குல்ல, தேசிய நெடுஞ்சாலை 85, அது அந்தக் கடைசியில கொச்சியில ஆரம்பிச்சு மூணாறு, போடிமெட்டு, மதுரை வழியா வந்து நம்ம தொண்டியிலதான் முடியுது. சிவகங்கை, மதுரை, உசிலம்பட்டி, தேனி, போடி. பூப்பாறை வரைக்கும் ரோடு மாற வேண்டியதே இல்ல.

ராசு மாமா: அப்படியா! நம்ம முக்குல நிக்கிற ரோடா மூணாறு போகுது

அண்ணன்: ஆமா மாமா. போடியில இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. சின்னவளுக்கு வாந்தி வரும், வேன்ல முன் சீட்டு அவளுக்கு.

அம்மா: அங்கதானே அந்த அரிக்கொம்பன் யானை

சித்ரா: அதை 2023 ஏப்ரல் கடைசியிலயே சின்னக்கானல்ல பிடிச்சுக் கொண்டுபோய்ட்டாகம்மா. அப்புறம் கம்பத்துக்குள்ள வந்து, ஜூன்ல நம்ம வனத்துறை பிடிச்சு களக்காடு முண்டந்துறைக் காட்டுல விட்டாக. ஆனா மத்த யானைக அங்க இருக்கத்தான் செய்யுது, அது அதுகளோட இடம். அதனால இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போயிறணும். வழியில எங்கயும் இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. அருளு, உனக்குத்தான்.

அருள்: சரி மதினி

அம்மா: குரங்கணியில தீப்பிடிச்சு அத்தனை பிள்ளைக செத்துப்போச்சே, அதுவும் அந்த மலைதானே

அண்ணன்: அதே மலைதாம்மா. 2018 மார்ச் 11. கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு நடந்து இறங்குனவுக மாட்டிக்கிட்டாக. இருபது பேருக்கு மேல போயிட்டாக. காஞ்ச புல்லு, காத்து, ஓடிப்போக வழியில்ல. நாம ஒரு அடி கூட நடந்து இறங்க மாட்டோம். ஜீப்புல ஏறி ஜீப்புலயே வருவோம்.

சனி காலை

அருள்: ஜிப்லைன் படம் மூணு, வீடியோ ஒண்ணு போட்டிருக்கேன், எல்லாரும் பாருங்க

ராசு மாமா: பாத்தேன். ஆளை எல்லாம் பாக்கல, கம்பியை மட்டும் பெருசாக்கிப் பாத்தேன். நம்ம போட்ல வலை இழுக்குற விஞ்சுல ஓடுற அதே மாதிரி முறுக்குக் கம்பி. அதுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், சித்ரா போன் போட்டுக் கேளு ஆத்தா.

ராசு மாமா: கம்பி ஒரே நாள்ல அறுகாது. முதல்ல ஒத்த இழை விட்டு முள்ளு மாதிரி வெளிய நீட்டும். துணியை வச்சுத் தடவுனா மாட்டும். அதைத் தினம் யாரு பாக்குறா, எழுதி வைக்கிறாகளான்னு கேளு. அடுத்து கம்பி முனையை மடக்கிக் கிளாம்பு போட்டிருப்பாக. கிளாம்போட மொத்தையான உடம்பு பாரம் தாங்குற கம்பி மேல உக்காரணும், வளைஞ்ச போல்ட்டு மடக்கி விட்ட வால் கம்பி மேல இருக்கணும். மாத்திப் போட்டா தாங்குற கம்பியையே கடிச்சுப்புடும். புதுப் பையன்களுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்குறதே இதுதான். படத்துல தெரியல, கிளாம்பைக் கிட்டத்துல எடுத்த போட்டோ அனுப்பச் சொல்லு.

ராசு மாமா: இன்னொண்ணு. கப்பியில மாட்டுற வார் ஒண்ணா ரெண்டா? ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும். கொக்கி தானா பூட்டிக்கிறதா இருக்கணும். போய்ச் சேருற இடத்துல எப்படி நிக்கும்? ஆளு கையால பிடிச்சு நிப்பாட்டுறதா, ஸ்பிரிங்கு பிரேக்கு இருக்கா?

சித்ரா: மாமா இவ்வளவும் எனக்குத் தோணவே தோணாது. எழுதி வச்சுட்டேன். மதியம் போன் போடுறேன்.

அண்ணி: சித்ரா, எனக்கு அஞ்சாம் மாசம். நான் என்ன பண்றது

சித்ரா: அண்ணி, கம்பியும் ஜீப்பும் ரெண்டுமே உங்களுக்கு வேணாம். அந்த ஜீப்பு ரோடு முழுக்கக் கல்லு, நல்லா இருக்குறவுகளுக்கே இடுப்பு கழண்டுரும். பால்கனியில இருந்து தேயிலைத் தோட்டம் தெரியிற ரூமா பாக்குறேன்.

அம்மா: நான் அவ கூட இருக்கேன். சின்னவளும் எங்ககூட இருக்கட்டும்

சனி மாலை

சித்ரா: ரெண்டு இடத்துல பேசிட்டேன். முதல் இடத்துல எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது வாங்க"ன்னு மட்டும் சொன்னாக. கிளாம்பு போட்டோ வரவே இல்ல. அந்த இடம் வேணாம். ரெண்டாவது இடத்துல காலையில முதல் ஆளை விடுறதுக்கு முன்னாடி மணல் மூட்டையை ஓட்டிப் பாக்குறாக. ரெண்டு வார், ஸ்பிரிங்கு பிரேக்கு, போட்டோவும் வந்துருச்சு. மாமா பாருங்க.

ராசு மாமா: கிளாம்பு சரியாப் போட்டிருக்கான். இங்க போகலாம்

அம்மா: ராசு சொன்னா சரித்தான்

சித்ரா: அவுக விதி 35 கிலோவுல இருந்து 100 கிலோ வரைக்கும். எல்லாரும் எடையைச் சொல்லுங்க.

செல்வி அத்தை: 78. சேலை கட்டலாமா?

சித்ரா: சேலை கப்பியில மாட்டும் அத்தை. சுடிதார் போடுங்க, துப்பட்டா வேணாம். முடியைக் கொண்டை போட்டுக் கட்டிருங்க, ஹெல்மெட்டுக்குள்ள அடங்கணும். போறப்ப தலைக்கு மேல இருக்குற கம்பியைக் கையால பிடிக்கவே கூடாது. கப்பி விரலு மேல ஏறிரும்.

அருள்: 61

அண்ணன்: 104. நாலு கிலோதானே, விடுவாக

ராசு மாமா: மாப்ளே, கேட்காதீக. பாரம் கூடுனா வேகமும் இடியும் கூடும், பிரேக்குல போய் மோதும்போது தெரியும். அவன் விட்டாலும் நான் விட மாட்டேன்

அண்ணன்: சரி மாமா. நான் கீழ நின்னு வீடியோ எடுக்குறேன். ஜீப்புக்கு உண்டுல்ல?

சித்ரா: ஜீப்புக்கு உண்டு

அருள்: மதினி, நம்ம பொலிரோவையே கொழுக்குமலைக்கு ஏத்திறலாமே

ராசு மாமா: டேய் வேணாம். பெரிய கல்லுல நாலு சக்கரமும் இழுக்கணும். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிரும், சின்ன கியர்ல இஞ்சின் பிடியில இறக்கணும். அது அந்த ஊரு டிரைவருக்குத்தான் கை வந்தது

சித்ரா: மேல போக அந்த ஊர் ஜீப்பு மட்டுந்தான் அருளு. ஒரு வண்டிக்கு ஆறு பேருன்னு சொன்னாக, நாம அஞ்சு பேரு. ராத்திரி 4 மணிக்குக் கிளம்பணும். உச்சி ஏறக்குறைய 8,000 அடி. மேல நின்னா தேனிப் பக்கம் முழுக்க மேகம், அதுக்குள்ள இருந்து சூரியன் வரும். ஜீப்புக்கு அன்னைக்கு அனுமதி இருக்கான்னு முந்தின நாளே கேட்டுக்குறேன், மழை பெஞ்சா நிப்பாட்டிருவாக.

சித்ரா: மே மாசத்துல மதியத்துக்கு மேல இடி மின்னல் வரும். மின்னல் அடிச்சா கம்பி ஓடாது. அதனால 10 மணிக்கே நமக்கு நேரம் வாங்கியிருக்கேன்.

செல்வி அத்தை: என்னென்ன எடுத்து வைக்கணும்

சித்ரா: ஸ்வெட்டர், மூடுன ஷூ, முட்டு வரைக்கும் சாக்ஸ். மழை ஈரம் இருந்தா அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் ஒண்ணு. சின்னவ மாத்திரை.

அம்மா: செவ்வாக்கிழமை கிளம்ப வேணாம்

சித்ரா: புதன் காலையில 5 மணிக்கு வேன் அம்மா. வியாழன் மலை, ராத்திரி திரும்பிறலாம்.

ராசு மாமா: வேன்காரர்கிட்ட நான் பேசுறேன். கேரளாவுக்குள்ள போக பர்மிட்டு அவரே போட்டுறணும்னு சொல்லி அட்வான்ஸ் குடுத்துர்றேன்

செல்வி அத்தை: அருளு, எனக்கு 6ஆம் நம்பர் ஷூ. நாளைக்கு ராம்நாடு போறப்ப வாங்கிட்டு வா