மாஸ்ட் செல்களில் மடல் பிரிந்த உட்கரு: அஞ்ச வேண்டுமா?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். என் 2 வயது மகளின் முதுகிலுள்ள பழுப்புத் திட்டுகள், துண்டால் துவட்டினாலே தடித்துச் சிவக்கின்றன. தோல் திசுப் பரிசோதனையில் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்கு பெறும் நோயெதிர்ப்புச் செல்கள்) மிகுந்துள்ளன என்றும், சிலவற்றின் உட்கரு இரு மடல்களாகப் பிரிந்துள்ளது என்றும் எழுதியுள்ளார்கள். இது புற்றுநோயின் அறிகுறியா?

பதில் (நோய்க்குறியியல் மருத்துவர், இராமநாதபுரம்):
தேய்த்தால் தடிப்பது டேரியர் குறி எனப்படும்; மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிச் சேரும் மாஸ்டோசைட்டோசிஸ் நோய்க்கு அது வலுவான சான்று. மாஸ்ட் செல்லின் உட்கரு பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். குழந்தைகளின் தோலில் மடல் பிரிந்த உட்கருக்களும், அரிதாகப் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களும் காணப்படுவதுண்டு. அவற்றை மட்டும் வைத்து நோய் தீவிரமானது என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் இவ்வடிவம் வேறொரு வகை நோயெதிர்ப்புச் செல்கள் பெருகும் லாங்கர்ஹான்ஸ் செல் நோயை ஒத்துத் தோன்றக்கூடும் என்பதால், டொலூடின் நீலச் சாயத்தில் செல்லின் துகள்கள் ஊதா நிறமாக மாறினவா, மாஸ்ட் செல்லின் அடையாளப் புரதங்களான சிடி117, டிரிப்டேஸ் ஆகியவை நேர்மறையாகவும், லாங்கர்ஹான்ஸ் செல்லின் அடையாளப் புரதமான சிடி1ஏ எதிர்மறையாகவும் வந்தனவா என்று அவசியம் கேளுங்கள். இரத்த டிரிப்டேஸ் அளவையும், கல்லீரல், மண்ணீரல் வீக்கம் உண்டா என்பதையும் பார்த்த பிறகே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பற்றி யோசிக்க வேண்டும்.

பதில் (கீழக்கரை):
என் மகனுக்கும் இதே நோய்தான், சகோதரி. குளிப்பாட்டிய பின் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். உச்சி வெயிலில் கடற்கரை மணலில் விளையாட விடாதீர்கள், சூடு பட்டால் திட்டுகள் உடனே சிவக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் இது தணிந்துவிடும் என்று எங்கள் மருத்துவர் கூறினார்.