பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கி ஒன்றே கால் வருஷம்: டெல்டா ரோட்டில் பட்ட அனுபவம்

போன வருஷம் தை அறுவடை முடிந்த கையோடு 2015 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் ஒன்று வாங்கினேன். ஒரத்தநாடு பக்கத்து வண்டி, 34,000 ரூபாய். நான் மன்னார்குடி. வேலைக்குத் தினமும் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய்வருகிறேன். பழைய வண்டி என்றால் எல்லாரும் முதலில் கேட்பது கிலோமீட்டர் எவ்வளவு என்றுதான். நம் பக்கத்தில் அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது, வண்டி எந்த ஊர் சேற்றில் ஓடியது, மழைக்கு எங்கே நின்றது என்பதை.

பார்க்கப் போகும்போது, "காலையில் ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சூடாக இருந்திருந்தால், முன்பே ஸ்டார்ட் பண்ணிக் கோளாறை மறைக்கிறார் என்று அப்படியே திரும்பியிருப்பேன். சோக் போட்டு இரண்டாவது உதையில் பிடித்தது, ஆயில் எரிந்தால் வரும் நீலப்புகை இல்லை. மீட்டர் 31,000 காட்டியது. ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, பிரேக் மிதி நுனி வெள்ளியாக மின்னியது. 31,000 ஓடிய வண்டியின் மிதி அப்படி இருக்காது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

காகித விஷயத்தில் ஏமாந்துவிட்டேன். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. கடன் எப்போதோ அடைத்தாகிவிட்டது, ஆனால் விற்றவர் அந்தப் பெயரை நீக்கவில்லை. கடன் கொடுத்த இடத்தில், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-இல் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்க ஐந்து வாரம் அலைந்தேன். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டதால் விற்றவருக்கு அவசரம் இல்லை. தயவுசெய்து ஐயாயிரமாவது பிடித்து வையுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து பணம் கொடுக்கும் அன்றே விழவேண்டும். பெயர் மாற்றத்துக்கு நமக்கு 30 நாள், இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும்போது வண்டி எங்காவது மோதினால், நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

வாங்கிய வாரமே ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ, செயின் செட் எல்லாம் மாற்றினேன். 3,600 ரூபாய் ஆனது. ஆயில் போனவாரம்தான் மாற்றியது என்று விற்றவர் சொன்னார். கழற்றியபோது கருப்புத் தார் மாதிரி வந்தது.

அப்புறம் பங்குனியில் நடந்ததுதான் இதை எழுதவே காரணம். நம் பக்கம் அந்த மாதத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்புவார்கள், வண்டிகள் ஏறிப்போனால் காய் உடைந்து உளுந்து உதிரும். வடுவூர் ஏரி தாண்டி நாலைந்து இடத்தில் அப்படிப் பரப்பியிருந்தது. நானும் எல்லாரையும் போல மேலே ஏற்றிப் போனேன். மறுநாள் பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றோடு நிற்கிறது.

பட்டறை அண்ணன் சக்கரத்தைக் கழற்றியதும் சொன்னார்: "தம்பி, கயிறு திரிச்சு வச்சிருக்கீங்க." ஆக்சிலைச் சுற்றி, டிரம்முக்கும் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில், உளுந்துக் கொடி பெருவிரல் தடிமனுக்கு முறுக்கிக் கிடந்தது. கத்தி இறங்கவில்லை, ஹேக்ஸா பிளேடால் அறுத்தார். செயின் கவரைத் திறந்ததும் ஒரு கைப்பிடி உளுந்து கொட்டியது. கிரீஸில் ஊறிக் கருகிப்போன உளுந்து. பேரிங் ஒன்று போயிருந்தது. அன்றிலிருந்து உளுந்தோ வைக்கோலோ பரப்பிய இடத்தில் ஓரமாக, இரண்டாம் கியரில், முன்பிரேக் தொடாமல் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் குனிந்து பின் ஆக்சிலை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

நாற்று விடும் சமயத்தில் சேறு. சேற்றில் உழ இரும்புக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் ரோட்டில் உதிர்த்துப் போகும் களிமண் மட்கார்டுக்குள் ஒட்டி, காய்ந்தால் செங்கல். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் அடித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கம்பியால் குத்தினால் பெயின்ட் போய்விடும், அங்கேதான் துரு ஆரம்பிக்கும்.

உங்கள் ஊரில் என்ன பட்டீர்கள்? எழுதுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து ஒருவர்:

எங்களுக்குச் சேற்றைவிட உப்பு. அகத்தியம்பள்ளி உப்பளம் வழியாகத் தினமும் போகிறவன் நான். வாங்கிய ஆறே மாதத்தில் ஸ்போக்ஸ் எல்லாம் சிவப்பு, சைலன்சர் அடிப்பக்கம் ஓட்டை. உப்புக் காற்றுதான் காரணம் என்று நினைத்து வாரம் இரண்டு முறை போரிங் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீரே உப்பு என்பது மண்டையில் உறைக்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை குழாயில் வருகிற கொள்ளிடத்துத் தண்ணீரில் இரண்டு வாளி, மழை பெய்தால் அந்தத் தண்ணீர். காய்ந்த பிறகு துணியில் ஆயில் தொட்டு ரிம், ஸ்போக்ஸ், நட்டு எல்லாவற்றிலும் லேசாகத் தடவுகிறேன். டயரிலும் பிரேக் டிரம்மிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷமாகத் துரு ஏறவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர்:

மழையில் நின்ற வண்டி பற்றி நான் சொல்கிறேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி வாசலில் தண்ணீர் ஏறி எஞ்சின் பாதி முழுகிவிட்டது. காலையில் பதற்றத்தில் உதைத்தேன். பெரிய தப்பு. உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளையலாம். என் நல்ல நேரம், கிக்கர் இறங்கவில்லை, நானும் நிறுத்திவிட்டேன்.

தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதைத்ததும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. ஆயிலைத் திறந்தால் பால் டீ நிறம். அதை இறக்கி, மலிவான ஆயில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதையும் இறக்கி, அப்புறம்தான் நல்ல ஆயில். கார்புரேட்டர் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகித் தண்ணீரை வடித்தார்கள். பெட்ரோல் டாங்கையும் காலி பண்ணினார்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அடியில் தனியாகத் தங்கிவிடும். வண்டி வாங்கப் போகிறவர்கள் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கலாம், என்ன ஏது என்று கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்:

எனக்கு எலி. வீட்டுக்குப் பின்னால் வயல், அறுவடை முடிந்ததும் எல்லாம் வீட்டுப் பக்கம் வந்துவிடும். ஹெட்லைட்டுக்குள் இருந்த வயர் மொத்தமும் ஒரே ராத்திரியில் போனது. புகையிலையைத் துணியில் கட்டி டாங்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், இரண்டு வாரம் கேட்டது. கடைசியில் வண்டியை நெல் மூட்டை பக்கத்தில் நிறுத்துவதை விட்டு, சிமெண்டுத் தரையில் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு வயர் பக்கம் வரவில்லை.

மன்னார்குடியிலிருந்து, மறுபடியும் நான்:

வேதாரண்யத்து அண்ணனுக்கு நன்றி, எங்கள் போரிங் தண்ணீரும் லேசாகக் கரிக்கும், இத்தனை நாள் அதில்தான் கழுவினேன். செயின் எவ்வளவு தொங்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். கவரில் இருக்கும் ஓட்டை வழியாக விரலால் தூக்கினால் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் ஆடவேண்டும். இறுக்கமாக வைத்தால் பேரிங் தேயும். நாளைக்கு ஞாயிறு, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன். அறுவடை மெஷின் ஓடுகிற வயல் ஓரமாக ஒரு வாரம் போய்வந்திருக்கிறேன், உமித்தூசி அடைத்திருக்கும்.