புதுப்பிப்பு: ஏற்காடு கிளையில் பில் சேவ் ஆக 9 நொடி, காரணம் பிடிபட்டது

சர்வர் இருக்கும் செவ்வாய்ப்பேட்டை கடையில் பில் உடனே சேவ் ஆகிறது, ஏற்காட்டில் மட்டும் 9 நொடி சுற்றுகிறது என்று கேட்டிருந்தேன். சர்வரில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் சும்மாதான் கிடந்தன.

ஏற்காடு கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் போய்வருவதைப் பதிந்து காட்டும் புரோகிராம்) ஓடவிட்டு, 40 ஐட்டம் உள்ள ஒரு பில் போட்டுப் பார்த்ததில் விடை கிடைத்தது. ஐட்டத்துக்கு விலை, ஸ்டாக், வரி என மூன்று குவெரி, அதாவது சர்வரில் உள்ள டேட்டாபேஸிடம் மூன்று கேள்வி. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்புகிறது. ஆக 120 முறை போய்வர வேண்டும். இரு கடைகளையும் இணைக்கும் விபிஎன் வழியே பிங், அதாவது ஒருமுறை போய்வரும் நேரம், 75 மில்லி நொடி. 120 × 75 = 9,000 மில்லி நொடி, அதாவது அந்த 9 நொடி. கடைக்குள் பிங் 1 மில்லி நொடிக்கும் கீழே என்பதால் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

தயவுசெய்து இதற்காக 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறாதீர்கள். போய்வரும் நேரம் அதனால் குறையாது.

இப்போதைக்கு ரிமோட் டெஸ்க்டாப்: புரோகிராம் சர்வர் பக்கமே ஓடுகிறது, மலைக்குத் திரை மட்டும் வருகிறது. தெர்மல் பிரின்டரில் ஓரம் வெட்டுப்பட்டால் அதே டிரைவரை சர்வரிலும் போடுங்கள். நிரந்தர வழி, பில் முழுவதையும் ஒரே ஸ்டோர்டு புரொசீஜரில் (டேட்டாபேஸிலேயே எழுதி வைத்து அங்கேயே ஓடும் குவெரித் தொகுப்பு) அனுப்புவது. அதை சாஃப்ட்வேர்காரர்தான் எழுத வேண்டும்.

இனி நேரத்தைக் கவுண்டரில்தான் அளக்கிறோம், சராசரியும் பார்ப்பதில்லை. 19 பில் 1 நொடி, ஒன்று 21 நொடி என்றாலும் சராசரி 2 நொடிதான் காட்டும். வரிசையில் நிற்பவர் அந்த 21 நொடியில் மாட்டியவர்.