பேரோல் ஆபீசர் வேலையில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். பி.காம் முடித்து, கணக்குப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். பேரோல் ஆபீசர் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். சம்பளக் கணக்கை சாப்ட்வேரே போட்டுவிடுகிறதே, அப்புறம் அந்த ஆபீசருக்கு என்ன வேலை? இன்டர்வியூவில் எதைக் கேட்பார்கள்?

பதில் 1:
சாப்ட்வேர் பெருக்கும், கழிக்கும். அதற்குள் போகும் தகவல் சரியா என்று பார்ப்பதுதான் ஆபீசரின் வேலை. புதிதாகச் சேர்ந்தவர், விலகியவர், சம்பள உயர்வு, சம்பளமில்லா விடுப்பு, ஓவர்டைம், முன்பணப் பிடித்தம் எல்லாம் மாதாமாதம் மாறும். இவற்றை வாங்க ஒரு கட்-ஆஃப் தேதி வையுங்கள். பிந்தி வருவது அடுத்த மாதம் அரியர்ஸாக, அதாவது நிலுவைத் தொகையாகப் போகட்டும். இதில் தளர்ந்தால் சரிபார்க்கும் நேரம்தான் பறிபோகும்.

நாள் கணக்கு விதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 30,000; 31 நாள் மாதத்தில் ஒருவர் 17ஆம் தேதி சேர்கிறார், அதாவது 15 நாள் பணி. 31ஆல் வகுத்தால் 14,516 வரும். 30ஆல் வகுத்து 15 நாளுக்குக் கொடுத்தால் 15,000. அதே 30ஆல் வகுத்து, வராத 16 நாளைக் கழித்தால் 14,000. ஒரே ஆளுக்கு மூன்று தொகை! எந்த முறை என்பது முடிவாகாத இடத்தில் புகார் ஓயாது.

பதில் 2:
எக்செல் நன்றாகத் தெரிந்திருக்கணும். 7 மணி 45 நிமிஷம் ஓவர்டைம்னா அது 7.75. 7.45னு போட்டா, மணிக்கு 200 வீதம் 1,550 வரவேண்டிய இடத்துல 1,490தான் வரும். வங்கிக் கணக்கு எண் வரப்போற நெடுவரிசையை (column), எண்களை ஒட்டுறதுக்கு முன்னாடியே டெக்ஸ்ட்டா மாத்திடுங்க. இல்லாட்டி முன்னால இருக்கிற பூஜ்யம் காணாமப் போகும்; 15 இலக்கத்துக்கு மேல இருந்தா மீதி இலக்கமெல்லாம் பூஜ்யமாயிடும்.

பதில் 3:
பணம் அனுப்பும் முன் போன மாதத்தோடு ஒப்பிடுவதுதான் இந்த வேலையின் உயிர். முதலில் ஆள் கணக்கு: போன மாதம் 212 பேர், சேர்ந்தவர் 6, விலகியவர் 4. பட்டியலில் 214 இருக்க வேண்டும். 215 இருந்தால், விலகிய ஒருவருக்குச் சம்பளம் போகிறது அல்லது இல்லாத ஆள் ஒருவர் பட்டியலில் இருக்கிறார். பிறகு தொகை: ஒவ்வொருவருடைய நிகரச் சம்பளத்திலும் (பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை) வந்த வித்தியாசத்துக்குக் காரணம் காட்ட முடிய வேண்டும். ஒருவருக்கு நிகரம் மைனஸில் வந்தால் அப்படியே விடாதீர்கள். கடன் பிடித்தத்தைத் தள்ளிவைக்க முறைப்படி ஒப்புதல் வாங்குங்கள்.

'என் வங்கிக் கணக்கை மாற்றுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் உடனே மாற்றக் கூடாது. இது பரவலான மோசடி. அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். பட்டியல் தயாரிப்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இது ஹெச்ஆர் வேலையா, அக்கவுண்ட்ஸ் வேலையா?

பதில் 1:
நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்கே இருந்தாலும் இரண்டும் வேண்டும். கணக்குப் பதிவில் மொத்தச் சம்பளம் பற்று (டெபிட்). பிடித்தங்களும் தர வேண்டிய நிகரச் சம்பளமும் வரவு (கிரெடிட்). வங்கி வழியே பணம் போனதும் நிகரச் சம்பளக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். பாக்கி நின்றால் யாருக்கோ பணம் போகாமல் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் ஒரு சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து நிகரத்தைக் கணக்கிடச் சொல்வார்கள். உங்கள் நாட்டு வருமான வரிப் பிடித்தம், ஓய்வூதியப் பங்களிப்பு, அவற்றைக் கட்டும் கடைசித் தேதி மூன்றையும் நடப்பு விதிப்படி படித்துவிட்டுப் போங்கள். 'மேலாளர் தன் குழுவில் ஒருவருடைய சம்பளத்தை வாய்மொழியாகக் கேட்டால் சொல்வீர்களா?' என்றும் கேட்கலாம். அதை அறிய அவருக்கு அனுமதி உண்டா என்று உறுதிசெய்யாமல் சொல்லக் கூடாது.