திரவப் பலகையா, விசிறு பூச்சா?

குழுவினருக்கு வணக்கம்.

விக்சனரி என்னும் இணைய அகராதியில் ஏற்ற, ‘லிக்விட் சைடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பெயராக ஐயா நேற்று முன்வைத்த ‘திரவப் பக்கப்பலகை’ எனக்குச் செரிக்கவில்லை. அமெரிக்காவில் மரச்சட்டம் நிறுத்திக் கட்டும் வீடுகளின் வெளிப்புறத்தில் பலகையோ வினைலோ வரிசையாக அறைகிறார்கள். அதன் பெயர் சைடிங். பிசின் கலந்த குழம்பை இயந்திரத்தால் சுவரில் விசிறிவிட்டு, அதற்கும் ‘லிக்விட் சைடிங்’ என்று பெயர் சூட்டியது வியாபாரிகளின் சாமர்த்தியம். அதில் பலகை இல்லை. காய்ந்த பிறகு திரவமும் இல்லை. விற்பவரின் உவமையை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டும்?

எங்கள் குன்னூரில் சைடிங்குக்கு நிகரான ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சாரல் அறையும் பக்கத்துச் சுவருக்குத் தகரம் அடிப்போம். அதற்காக ‘திரவத் தகரம்’ என்றால் சிரிக்க மாட்டார்களா?

‘தெளிபூச்சு’ என்றால் ஊடே தெரியும் பூச்சு என்று படித்துவிடுவார்கள். வாசல் தெளிப்பதுபோல் துளித்துளியாக விழுந்தாலும் போதாது, இடைவெளியின்றிப் படிய வேண்டும். ஆகவே ‘விசிறு’. ஆனால் சாதாரண பெயிண்டையும் விசிறலாமே! பெயிண்ட் ஒரு கை அடித்துக் காய்ந்தால் 0.05 மில்லிமீட்டர் தேறினால் அதிகம். இதுவோ கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை நிற்கும், மயிரிழை விரிசல் விரிந்தால் கூடவே சற்று இழுபடும். எனவே ‘விசிறு கனப்பூச்சு’ என்கிறேன்.

‘மழைக்கவசம்’ அழகான சொல்தான். ஆனால் பெயரே உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய எங்கள் பழைய சுவருக்கு ஒருவர் இப்படித்தான் கனமாக எதையோ பூசிக்கொடுத்தார். உள்ளிருந்த ஓதம் வெளியேற வழியில்லை. ஐப்பசி மழை ஓய்வதற்குள் சுவர் அப்பளமாக உப்பிவிட்டது. அதைக் கவசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

— குன்னூரிலிருந்து

அன்புள்ள அம்மா,

பலகையைக் கைவிடுகிறேன். கனத்தை நீங்கள் கைவிட வேண்டும். கொடைக்கானலில் 30 ஆண்டுகள் கொத்தனார்களோடு நின்றவன் சொல்கிறேன்: ‘பூச்சு வேலை’ என்றாலே அவர்களுக்குச் சிமெண்ட் கலவைதான், அதுவே 12 மில்லிமீட்டர் வரும். அரை மில்லிமீட்டரைப் போய்க் ‘கனப்பூச்சு’ என்றால் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பெயிண்டருக்குக் கனம், கொத்தனாருக்கு மெலிசு. அளவை வைத்துப் பெயரிட்டால் இந்த வம்புதான். இழுபடும் என்றீர்களே, அதைப் பிடியுங்கள். ‘விசிறு நெகிழ்பூச்சு’. கையால் உருட்டியோ தூரிகையாலோ பூசினால் ‘விசிறு’ உதிர்ந்துவிடும், மீதிச் சொல் நிற்கும்.

— கொடைக்கானலிலிருந்து

ஐயா, தோற்றேன். பிளாஸ்டிக்கை நெகிழி என்கிறோமே, குழம்பாதா என்று ஒரு கணம் யோசித்தேன். இதுவும் பெரும்பாலும் அக்ரிலிக் பிசின்தானே, உறவு முறை சரியாகவே இருக்கிறது. விக்சனரியில் ஏற்றுபவர் நடுவில் ‘ப்’ போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நெகிழ்பூச்சு வினைத்தொகை.