மறு: அமரத்துவம் வேணாம், சாகேலாமை எண்டு வைப்பம்

எல்லாருக்கும் வணக்கம்,

சேர், நேத்து நீங்க போட்ட மெயில ரெண்டு தரம் வாசிச்சன். நாம செய்ற கொமிக்ஸ் சொல்லடைவில (இங்கிலீசுச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் பட்டியல்) இம்மோர்ட்டாலிட்டிக்கு, அதாவது சாவில்லாத நிலைக்கு நேரா அமரத்துவம் எண்டு போட்டு முடிச்சிருவம் எண்டு எழுதியிரிந்தீங்க. மன்னிக்கணும், அதுக்கு ஓம் எண்டு சொல்ல எனக்கு மனம் வருதில்ல.

போன மாசம் எக்ஸ்மென் கொமிக்ஸில வாற வீரன் வொல்வரின் பத்தி ஒரு பக்கம் தமிழில எழுதி, விளங்குதா எண்டு பாக்க அக்காட மகனிட்டக் குடுத்தன், ஏழாம் ஆண்டு படிக்கிறான். அதில 'அமரரான வொல்வரின்' எண்டு ஒரு வரி எழுதியிரிந்தன். வாசிச்சுப் போட்டு "மாமா, இவர் எப்ப செத்தவர்?" எண்டு கேட்டான். அப்பதான் எனக்கு உறைச்சது. இஞ்ச மட்டக்களப்புக் கல்லடியில எங்கட ஒழுங்கை முகப்பில கரண்ட் கம்பத்தில ஒரு பெனர் கட்டியிரிக்கு, மேல கண்ணீர் அஞ்சலி, நடுவில படம், கீழ அமரர் எண்டு போட்டு ஆளுட பேர், பிறந்த திகதி, இறந்த திகதி. வெயிலில படம் வெளுத்துப் போச்சு, அமரர் எண்ட எழுத்து மட்டும் கறுப்பா அப்பிடியே கிடக்கு. அந்தப் புள்ள பிறந்ததில இரிந்து இந்தச் சொல்லச் செத்தவங்கட பேருக்கு முன்னாலதான் கண்டிரிக்கு. தேவர், அமுதம் உண்டவங்க எண்ட பொருள் அகராதியில இரிக்குதான், ஆனா நாம சொல்லடைவு செய்றது இப்பிடியான புள்ளைகளுக்குத்தானே.

> சிரஞ்சீவித்தன்மை எண்டு வைக்கலாமே. இல்லாட்டி சாகாவரம்.

அக்கா, மேல நீங்க எழுதின சாகாவரம் அழகான சொல்தான், ஆனா வரம் எண்டா குடுக்க ஒரு ஆள் வேணும். வொல்வரினுக்கு ஆரும் குடுக்கல்ல, பிறவியிலயே வந்தது. டெட்பூல் எண்ட இன்னொரு கொமிக்ஸ் ஆளுக்குத் தானோஸ் எண்ட வில்லன் போட்டது வரமே இல்ல, சாபம். மரணமே பொம்பிள உருவில வந்து டெட்பூலில விருப்பம் வைச்சிட்டா, இவன் செத்து அவளிட்டப் போய்ச் சேந்திரக் கூடாதெண்டு போட்ட சாபம் அது. சிரஞ்சீவியில வேற சிக்கல், சிரம் எண்டா நெடுங்காலம், முடிவில்லாத காலம் இல்ல. பழைய காயிதங்களில மகனுக்கு எழுதேக்குள்ள சிரஞ்சீவி எண்டு தொடங்கினதும் கனகாலம் இரி மகனே எண்டுதான். அசுவத்தாமன ஏழு சிரஞ்சீவிகளில ஒராள் எண்டுறம், பாண்டிருப்பில பாரதக் கதையோட வளந்த ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், கண்ணன் போட்ட சாபத்தில மூவாயிரம் வருசம் எண்டு கணக்கும் இரிக்கு. கணக்கு இரிந்தா அது தவணைதான், நெடுந்தவணை.

இஞ்சதான் நான் சொல்ல வந்த விசயமே. இங்கிலீசில ஒரு சொல்ல வைச்சுக்கொண்டு நாலஞ்சு வேற வேற நிலைய அதுக்குள்ள அடைச்சிரிக்காங்க, நாமளும் அதுக்கு ஒத்தச் சொல் தேடினா அதே குழப்பம் தமிழுக்கும் வந்திரும், அதால முதல் பிரிப்பம், மறுகா பேர் வைப்பம்.

வயசு ஏறாம இரிக்கிறது ஒண்டு. வொண்டர் வுமன்ட அமேசன் தீவுப் பொம்பிளைகள் அப்பிடி, ஆனா வாளால வெட்டினா செத்திருவாங்க. இதுக்கு மூவாமை எண்டு வைப்பம், மூவா எண்ட சொல் பழைய இலக்கியத்தில நல்லாப் புழங்கினது. பேட்மேன்ட எதிரி ராஸ் அல் கூல் இதிலயும் ஒரு படி கீழ, லாசரஸ் குழியில இறங்கி இறங்கித்தான் வயசக் குறைக்கிறார், குழி இல்லாட்டி அந்த மனிசன் இல்ல. வொல்வரினுக்கு இரிக்கிறது காயம் மாறுற வேகம், அதாலதான் வயசும் மெதுவாப் போகுது, 2014ல அந்தச் சக்தி போனதும் உருகின அடமாண்டியம் எண்ட உலோகம் மேல மூடி இறுகிச் செத்தார். 2018ல திரும்பி வந்திட்டார் எண்டது வேற கத. சுப்பர்மேனும் 1992ல செத்து அடுத்த வருசமே வந்தவர். விற்கிற ஆள வெளியீட்டுக்காரன் நெடுநாள் மண்ணுக்குள்ள விடமாட்டான், அது கதைக்கு வெளிய நடக்கிற விசயம், பாத்திரத்திட குணமா அத எழுதக் கூடாது.

செத்துச் செத்து எழும்புறவங்களுக்கு உயிர்த்தெழல் எண்டு தம்பி எழுதியிரிந்தீங்க. தம்பி, அது வேணாம். வேதக்கார ஆக்களுக்கு அது யேசுவுக்கு மட்டும் உரிய சொல், அதோட 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு உயிர்த்த ஞாயிறு எண்டா மட்டக்களப்பில என்ன ஞாபகம் வரும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. மீண்டெழல் போதும். 1989ல வந்த மார்வல் கொமிக்ஸ் ஆள் மிஸ்டர் இம்மோர்ட்டல் இந்த வகை, பேரில இம்மோர்ட்டல் இரிந்தாலும் ஒவ்வொரு தரமும் உண்மையாவே சாகிறவர். சாவக் கண்டு வாறவர சாவில்லாதவர் எண்டு என்னால எழுத ஏலாது.

2019ல எக்ஸ்மென் கதையில கிரகோவா தீவு வந்ததே, அதுதான் என்ன ரெண்டு நாள் நித்திர கொள்ள விடல்ல. செத்த ஆளுக்குப் புது உடம்பு வளத்து, செரிப்ரோ எண்ட மெசினில சேமிச்சு வைச்ச மனச அதுக்குள்ள ஏத்திறாங்க. எழும்பி வாற ஆளுக்கு எல்லாம் ஞாபகம் இரிக்கு, பொண்டாட்டி புள்ளையத் தெரியும், ஆனா செத்தவன் செத்தவன்தானே? காணி உறுதியப் போட்டோகொப்பி அடிச்சா எழுத்து ஒண்டும் மாறாது, எண்டாலும் மூல உறுதி கேக்கிற இடத்தில கொப்பியக் குடுக்க ஏலுமா? இதுக்குப் படியெடுப்பு எண்டு வைப்பம், மீண்டெழலோட சேக்க வேணாம்.

முகமூடி வீரன் பாண்டம் இதொண்டிலயும் சேராது. ராணி கொமிக்சில மாயாவி எண்டு வாசிச்சமே, அவர்தான். 1536ல தொடங்கி அப்பன் முகமூடி மகனுக்கு, அவன்ட முகமூடி அவன்ட மகனுக்கு, இப்ப இரிக்கிறவர் இருவத்தொராவது ஆள், காட்டுச் சனம் சாகாத ஒராள் எண்டு நம்புது. இதுக்குச் சொல் ஆக்கவே தேவையில்ல, வாழையடி வாழை எண்டு நம்மட ஆக்கள் எப்பவோ வைச்சிட்டாங்க.

இனி உண்மையான நிலைக்கு வாறன். சாவாமை எண்டு சேர் ரெண்டாவதாச் சொல்லியிரிந்தீங்க, 'சாவா மருந்து' எண்டு 82ஆம் குறளிலயே இரிக்கு, மறுக்கல்ல. ஆனா சாவாமை எண்டா சாகாம இரிக்கிறது, உயிரோட இரிக்கிற எல்லாரும் இண்டைக்கு வரைக்கும் சாகாதவங்கதான். நமக்கு வேணும் எண்டது, சாக வழியே இல்லாத நிலை, தானா விரும்பினாலும் ஏலாத நிலை. அதத்தான் நாம வீட்டில ஒவ்வொரு நாளும் பேசுறம், வர ஏலாது, சாப்பிட ஏலாது எண்டு. சாக ஏலாது, சாகேலாது, சாகேலாமை. ஆளுக்குச் சாகேலாதவன், சாகேலாதவள், சாகேலாதவர். மருமகனிட்டச் சொல்லிப் பாத்தன், விளக்கம் கேக்கல்ல, "பாவம் என்ன" எண்டு மட்டும் சொன்னான். அந்த நிலையிட பாரம் சொல்லோட சேந்து அவனுக்குப் போயிரிக்கு.

பேச்சுச் சொல் கலைச்சொல் ஆகுமா எண்டு கேப்பீங்க. 1936ல சென்னையில கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை இரிந்தவர் நம்மட காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள். அவ்வளவு தூரம் போய் அவர் இந்த வேலைய நடத்தியிரிக்கார், அவர் பிறந்த பக்கத்து வாய்ச்சொல் ஒண்டு பட்டியலில ஏற என்ன தடை? ஏட்டுத் தமிழ்தான் வேணும் எண்டா சாகவியலாமை எண்டு அடைப்புக்குள்ள போடுங்க, முன்னுக்கு நிக்கிறது சாகேலாமையா இரிக்கட்டும்.

இந்த அளவுகோலால அளந்தா சாகேலாமைக்குக் கீழ நான் இப்போதைக்குப் போட்டது டெட்பூல் மட்டும், அதுவும் சாபம் நிக்கிற மட்டும் எண்ட குறிப்போட. டீசி கொமிக்ஸ் வில்லன் வண்டல் சாவேஜ் ஆதிமனிசன் காலத்தில விண்கல்லால வந்த ஆள், அவர மூவாமையில வைச்சிரிக்கன். தம்பி, டீசி கதைகள் என்ன விட உங்களுக்குத்தான் தெரியும், பிழை எண்டா எந்தக் கதையில எண்டு எழுதுங்க, வெள்ளிக்கிழமைக்கு முதல் மாத்திர்றன்.