பழைய பந்தயக் காரில் பெட்ரோல் வாடை: எங்கே தேடுவது?

கேள்வி: கார்புரேட்டர் பொருத்திய பழைய பந்தயக் காரில், நிறுத்திய மறுநாளும் பெட்ரோல் வாடை அடிக்கிறது, தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

பதில் 1: முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஓடும், எஃகு வலை பின்னிய ஹோஸ்களின் மீதுதான் எனக்குச் சந்தேகம். வெளியே பளபளவென்று இருந்தாலும், உள்ளிருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்து, ஈரமே காட்டாமல் ஆவியை மட்டும் கசியவிடும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள்.

பதில் 2: ஹோஸோடு நிறுத்திவிடாதீர்கள். டேங்கினுள் பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் பைக்கும் ஆயுள் உண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ இந்தப் பைகளுக்கு வகுத்த எஃப்டி3 தரத்தில் அது 5 ஆண்டுகள், மறுசோதனையில் தேறினால் மேலும் 2 ஆண்டுகள். டேங்க் நிறைந்திருக்கும்போது வாடை கூடினால், டேங்கின் மேல்தட்டில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டையும் ஆவி வெளியேறும் குழாயையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நிறைந்திருக்கும்போதுதான் கூடுகிறது. மேல்தட்டிலிருந்தே தொடங்குகிறேன், நன்றி.